திருச்சியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை: உப்புப் பாதையில் ஆறு நாள்

முதல் நாள்: திருச்சி

1930 ஏப்ரல் 13 விடியற்காலை, திருச்சி கண்டோன்மென்ட்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய 100 பேர் கிளம்பினார்கள். பெரும்பாலும் 98 என்றுதான் கணக்குச் சொல்வார்கள். சேர வேண்டிய ஊர் வேதாரண்யம். தூரம் 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். ஏப்ரல் 28-ல் போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் கிளம்பியபோது, தண்டிக் கடற்கரையில் காந்தி உப்பள்ளி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கிளம்பிய நாள் தமிழ்ப் புத்தாண்டு. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து சரியாக 11 ஆண்டு முடிந்த நாளும் அதுதான்.

இந்தத் தொடர் அந்தப் பாதையிலேயே போகிறது. முழுக்க நடப்பவர்களுக்கு 15 நாள் வேண்டும், நாளைக்கு 16 கிலோமீட்டர். சில பகுதிகளை மட்டும் நடந்து மீதியைப் பேருந்தில் போனால் ஆறு நாளில் முடியும். சித்திரை வெயிலில் காலை 5 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். மறுபடி நடப்பது மாலை 4-க்கு மேல்தான். தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டருக்குக் குறையக் கூடாது. சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடங்கள்.

கிளம்பும் முன் ஒரு கணக்கு. அன்று உப்பு வரி, சுமார் 37 கிலோ கொண்ட ஒரு மணுவுக்கு 1 ரூபாய் 4 அணா. கிலோவுக்கு அரை அணாவுக்குச் சற்று மேல் வரும். ஒருவர் ஆண்டுக்கு 6 கிலோ உப்புத் தின்றால் 3 அணா. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மிராசுதார் வீட்டுக்கும் அதே ஒரு ரூபாய்தான், அவர் வயலில் நாற்று நடுபவர் வீட்டுக்கும் அதே ஒரு ரூபாய்தான். வெயிலில் உழைத்து வியர்வை சிந்துகிறவருக்கு உப்பு இன்னும் கொஞ்சம் கூடத்தான் வேண்டியிருக்கும்.

மீறுவதற்கு எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பாதிப் போராட்டம் இருக்கிறது. உப்புச் சட்டத்தை மீற ஆயுதமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். கடற்கரையில் குனிந்து ஒரு பிடி அள்ளினால் போதும், 1889-ஆம் ஆண்டு சென்னை உப்புச் சட்டத்தின்படி அது குற்றம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. தண்டிக்க வரும் அரசு, குழந்தை கையில் இருக்கும் உப்பைப் பிடுங்குகிற அரசாகத்தான் ஊர் கண்ணுக்குத் தெரியும். ரயில் மறியலுக்கு இந்தத் தகுதி கிடையாது. அங்கே முதலில் கஷ்டப்படுகிறவர் பயணிதான்.

இன்னொன்று, எதையும் மறைக்கவில்லை. கிளம்பும் நாள், போகும் வழி, உப்பள்ளும் இடம் எல்லாம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டவை. ஒளித்துச் செய்தால் அது கள்ள உப்பு. சொல்லிவிட்டுச் செய்தால்தான் சத்தியாகிரகம். போலீஸுக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலை இல்லாததால் உளவாளிக்கு அங்கே வேலையும் இல்லை.

இரண்டாம் நாள்: கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு

திருச்சியிலிருந்து கல்லணை 20 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. காவிரியின் தென்கரையில் சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகப் போகும் சாலை நடப்பதற்கு நல்லது. வாகன நெரிசல் குறைவு, பாதித் தூரத்துக்கு நிழலும் கிடைக்கும். கல்லணையைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம்.

ஏப்ரலில் ஆறு மணலாகத்தான் கிடக்கும். மேட்டூர் அணை 1934-ல்தான் கட்டி முடிந்தது என்பதால் 1930-ல் கோடைக்குத் திறந்துவிட நீர்த்தேக்கம் என்று ஒன்றுமே இல்லை. 100 பேருக்குக் குடிநீர் கிணற்றிலிருந்தோ ஆற்று மணலில் தோண்டிய ஊற்றிலிருந்தோதான் வர வேண்டும். கிணறு யாருடையது, அதில் யார் தண்ணீர் மொள்ளலாம் என்பது அன்றைய தஞ்சையில் சாதிக் கேள்வி. எல்லாச் சாதியினரும் ஒன்றாக நடந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் கூட்டம் ஊருக்குள் வந்தபோது, உப்புச் சட்டத்துக்கு முன்னால் மீறப்பட்டது ஊர்க் கட்டுப்பாடு. வழியெங்கும் கதரைப் பற்றியும் தீண்டாமை ஒழிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார்கள்.

திருவையாற்றில் தங்க இடம் கிடைப்பது எளிது. தியாகராஜ ஆராதனை நடக்கும் தை மாதத்தில் மட்டும் இடம் கிடைக்காது.

மூன்றாம் நாள்: தஞ்சாவூர், அய்யம்பேட்டை, பாபநாசம்

இன்றைய பகுதியை மட்டுமாவது நடந்தே ஆக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், நடுவில் பாபநாசம். புதிய நான்குவழிச் சாலையில் ஏறிவிடாதீர்கள். அதில் மரமும் இல்லை, ஊரும் இல்லை. அய்யம்பேட்டை வழியாகப் போகும் பழைய சாலைதான் நமக்கு. அங்கேயும் அகலப்படுத்தும் வேலையில் பல புளிய மரங்கள் போய்விட்டன. நிற்கிற மரங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இந்தப் பயணத்தின் முக்கியமான சாட்சி அவைதான்.

1930-ல் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் ஜே.ஏ. தார்ன், ஐ.சி.எஸ். அவர் திறமையான அதிகாரி. நடப்பவர்களை அடித்தால் ஊர் கொதிக்கும், உப்பைத் தொடாதவரை கைது செய்யவும் வலுவான காரணம் இல்லை என்பதால் வயிற்றில் கை வைத்தார். சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ 6 மாதம் சிறை, அபராதம் என்று துண்டறிக்கையும் தண்டோராவும் போட்டு மாவட்டம் முழுக்க அறிவித்தார்.

அவர் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்கலாம். 100 பேருக்கு ஆளுக்கு அரைக் கிலோ அரிசி என்றால் நாளைக்கு 50 கிலோ. 15 நாளைக்கு 750 கிலோ. நடந்து போகிறவர்கள் அதைச் சுமந்துகொண்டு போக முடியாது. ஒவ்வொரு ஊரிலும் யாராவது அடுப்பு மூட்டியாக வேண்டும். சத்திரங்களைப் பூட்டி, பெரிய வீடுகளைப் பயமுறுத்திவிட்டால் மூன்றாம் நாளே கூட்டம் கலைந்துவிடும். காகிதத்தில் இதில் ஒரு குறையும் இல்லை.

அவர் எடுத்த ஆயுதம் இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 157. சட்டவிரோதக் கூட்டத்தில் சேர்வதற்காக அமர்த்தப்பட்டவர்கள் என்று தெரிந்தே ஒருவர், தன் வசத்திலோ பொறுப்பிலோ உள்ள வீட்டிலோ இடத்திலோ அவர்களை வைத்துக்கொண்டால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தன் வசத்தில் உள்ள வீடு, இடம் என்பதை மட்டும் மறுபடி ஒரு தடவை படியுங்கள்.

வீட்டில் சோறு போட்டால்தானே குற்றம்? பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. வாழையிலையில் கட்டிய சோறு, போகிறவர் கைக்கு எட்டும் உயரத்தில். கட்டியவர் யார் என்று சொல்ல யாரும் இல்லை, மரம் யார் வசத்திலும் இல்லை. காவிரிக் கரையில் இளைப்பாற உட்கார்ந்தால் அங்கே ஒரு நாணல் அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் தேடினால் சோற்றுப் பாத்திரம் புதைத்து வைத்திருக்கும். இவர்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்று ஆட்சியர் போட்ட திட்டத்தை, பெயர் தெரியாத பெண்களின் அடுப்பங்கரைகள் முறியடித்தன. ஓர் ஊரில் 100 பொட்டலம் கட்ட 10 வீடாவது சேர வேண்டும். 10 வீடும் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். கிராம முன்சீபுக்கும் தலையாரிக்கும் தெரியாமல் 10 வீட்டில் விடியற்காலை உலை கொதிக்காது. அப்படியென்றால் அவர்களும் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறார்கள்.

சட்ட மறுப்பு அரசியலை எப்படி மாற்றுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தச் சாலையைத்தான் காட்ட வேண்டும். நடந்தவர்கள் 100 பேர். அவர்களைச் சிறையில் போட இடம் இருந்தது. அவர்களுக்காகச் சட்டத்தை மீறிய ஆயிரக்கணக்கானவர்கள் அதுவரை எந்த மேடையிலும் ஏறாதவர்கள், கதர் கட்டாதவர்கள், நாளைக்கும் வழக்கம்போல வயலுக்குப் போகிறவர்கள். அவர்களைப் பிடிக்கச் சட்டத்தில் வார்த்தையும் இல்லை, சிறையில் இடமும் இல்லை. சர்க்கார் மீது மக்களுக்கு ஒரு காலத்தில் பக்தி இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் தார்ன் தம் மேலிடத்துக்கு எழுதினார். ஒரு ஐ.சி.எஸ். அதிகாரியின் கையால் அது எழுதப்பட்டதை, வேதாரண்யத்தில் அள்ளிய உப்பைவிடப் பெரிய வெற்றியாகவே சொல்ல வேண்டும்.

நான்காம் நாள்: கும்பகோணம்

மரத்தில் பொட்டலம் கட்டியவர்கள் தப்பித்தார்கள். கதவைத் திறந்து வைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஆட்சியர் உத்தரவைச் சட்டை செய்யாமல் சத்தியாகிரகப் படையினருக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தார். கைதாகிச் சிறைக்குப் போனார். இரண்டும் வேண்டியிருந்தது. பொட்டலம் மட்டுமே இருந்திருந்தால் அது பயந்தவர்களின் உதவியாக நின்றிருக்கும். ஒரு பெரிய மனிதர் பகிரங்கமாகச் சிறைக்குப் போன பிறகு மற்றவர்களின் பயம் குறைந்தது.

கும்பகோணத்தில் நிற்கும்போது இன்னொரு பெயரையும் சொல்லாமல் போவது சரியாகாது. இந்த ஊர்க்காரரான தாளமுத்துவின் பெயர். 1937-ல் ராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். 1938 ஆகஸ்ட் 1-ல் அதே திருச்சியிலிருந்து, ஏறக்குறைய அதே 100 பேர் கணக்கில், தமிழர் பெரும்படை சென்னைக்குக் கிளம்பியது. பட்டுக்கோட்டை அழகிரி, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் உடன் போனார்கள். செப்டம்பர் 11-ல் சென்னையை அடைந்தது. பள்ளிக்கூட வாசலில் மறியல் செய்தவர்கள் மேல் ராஜாஜி அரசு குற்றவியல் திருத்தச் சட்டத்தைப் போட்டது. காங்கிரஸ்காரர்கள் மேல் வெள்ளைக்காரர்கள் போட்டதும் அந்தச் சட்டம்தான். ஆயிரம் பேருக்கு மேல் சிறை சென்றார்கள். 1939-ல் நடராசனும் தாளமுத்தும் சிறைவாசத்தில் இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது.

1930-ல் பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் உப்புச் சத்தியாகிரகத்தில் சேரவில்லை. எட்டே வருஷத்தில் நடைபயணம், மறியல், சிறை நிரப்புதல் என்று அதே முறை அவர்கள் கைக்கு வந்தது. எதிரே அரசு நாற்காலியில் இருந்தவர் அந்த முறையைத் தமிழ்நாட்டுக்கு நடந்து காட்டியவர். அவர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் 1938-ல் அவர் செய்தது தவறு என்றே நினைக்கிறோம்.

ஐந்தாம் நாள்: நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி

வலங்கைமான் வழியாக நீடாமங்கலம், அங்கிருந்து மன்னார்குடி, பிறகு திருத்துறைப்பூண்டி. பேருந்துக்குப் பஞ்சமில்லை. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு 28 கிலோமீட்டர் வரும். போகப் போக மண்ணின் நிறம் மாறும், கிணற்றுத் தண்ணீரில் உவர்ப்பு ஏறும். நடப்பவர்கள் மன்னார்குடியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்வது நல்லது.

திருத்துறைப்பூண்டியில் படையினருக்கு இடம் கொடுத்த ராமச்சந்திர நாயுடுவும் கைது செய்யப்பட்டார். அதனாலும் நடை நிற்கவில்லை.

ஆறாம் நாள்: வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் ரயில் பாதை. பழைய மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றி 2023 ஏப்ரலில் மறுபடி ரயில் விட்டார்கள். தினமும் இருக்கிறதா, எத்தனை மணிக்கு என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலை விட்டால் பேருந்தில் வேதாரண்யம் இறங்கி, அகஸ்தியம்பள்ளிக்கு ஆட்டோவில் போகலாம். மூன்று நான்கு கிலோமீட்டர்தான், நடக்கவும் செய்யலாம். உப்பளத்துக்குப் போகும் நேரம் காலை 6 முதல் 8. அதற்குமேல் வெள்ளைப் பாத்திகளில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூச வைக்கும். கறுப்புக் கண்ணாடி ஆடம்பரம் அல்ல. உப்பு வாரும் தொழிலாளர்களுக்கு அது இல்லாமல் கண் கெடுகிறது, பாதத்தில் வெடிப்பு ஆறுவதில்லை. வரப்பில் மட்டும் நடங்கள். பாத்திக்குள் ஒரு செருப்புக் கால் பட்டால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை உடையும், சேறு கலந்து அந்த இடத்து உப்பு பழுப்பாகும்.

கடல் நீர் ஒரு லிட்டரில் கரைந்திருப்பது சுமார் 35 கிராம். அதில் நாம் சாப்பிடும் உப்பு 27 கிராம் அளவுக்குத்தான். முதல் தேக்கத்தில் நிற்கும் நீர் அடர்த்தி மானியில் 3 டிகிரிக்கு மேல் காட்டும். அது அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாறி வற்றிக்கொண்டே வரும்போது உப்புக்கு முன்னால் ஜிப்சம் படியும். பத்தில் ஒரு பங்காக வற்றி 25 டிகிரி ஆனதும் உப்பு பூக்கும். முதலில் நீர்ப்பரப்பில் மெல்லிய ஏடு மாதிரி. உற்றுப் பார்த்தால் அது ஏடு அல்ல, கடுகளவு சதுரங்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டி மிதப்பது தெரியும். கனம் கூடினதும் ஒவ்வொன்றாய் அடியில் இறங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் விடக் கூடாது. அந்தக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் மக்னீசியம் உப்பும் சேர்ந்து படிந்து நாக்கில் கசக்கும், மூட்டையில் ஈரம் வாங்கிக் கசியும். கோடை மழை ஒன்று திடீரென்று கொட்டினால் பத்து நாள் உழைப்பு ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும்.

1930-ல் இங்கே அள்ளியது பாத்தி உப்பு அல்ல. சதுப்பில் தானாய் விளைந்த உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையும் கடல் நீரும் தேங்கி, பங்குனி சித்திரையில் வற்றி, மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்து கிடப்பது. ஏப்ரல் கடைசியில் வந்து சேர்ந்ததன் அருமை இங்கே வந்தால் புரியும். ஐப்பசியில் வந்திருந்தால் இடுப்பளவு தண்ணீர்தான். இந்த உப்பில் மண் கலந்திருக்கும், அப்படியே சோற்றில் போட முடியாது. தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி காய்ச்ச வேண்டும். கடல் நீரையே காய்ச்சுவது வீண் வேலை. 10 லிட்டர் காய்ச்சினாலும் கால் கிலோவுக்குச் சற்று மேல்தான் தேறும், விறகுச் செலவு உப்பின் விலையை மிஞ்சிவிடும். உப்புக்காக யாரும் உப்புக் காய்ச்சவில்லை.

ஏப்ரல் 30 காலையில் ராஜாஜி 16 தொண்டர்களோடு சதுப்புக்குப் போய் உப்பள்ளினார். வந்த எல்லாரையும் அழைத்துக்கொண்டு போகவில்லை. நூறு பேரும் ஒரே நாளில் கைதாகியிருந்தால் மறுநாள் போராட்டம் முடிந்திருக்கும். முதல் அணி போனால் அடுத்த அணி, ஒரு தலைவர் கைதானால் அடுத்தவர் என்று வரிசை முன்பே தயாராக இருந்தது. ராஜாஜிக்கு 6 மாதச் சிறை. பிறகு கே. சந்தானம், டாக்டர் ராஜன் என்று தலைமை கை மாறிக்கொண்டே போக, மே மாதம் முழுக்கத் தொண்டர்கள் அணி அணியாகச் சதுப்புக்குப் போனார்கள். அந்த மாதம் இங்கே கைதான ருக்மிணி லட்சுமிபதி, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண். 1946-ல் சென்னை மாகாண அமைச்சரானார். முகாம் ஏற்பாட்டைத் தோளில் சுமந்த வேதாரண்யம் வேதரத்தினம் பிள்ளை சிறையும் கண்டார், சொத்தையும் இழந்தார். பின்னாளில் 1946-ல் அவர் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இந்த ஊரில் இன்றும் நடக்கிறது. சதுப்போரம் நினைவுத் தூண் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30 காலையில் அங்கே கூடி உப்பள்ளுகிறார்கள். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் முந்தின நாள் இரவே வேதாரண்யத்துக்கு வந்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகு உப்பு வரி போய்விட்டதா? இல்லை. 1931 மார்ச் 5-ல் காந்தியும் வைஸ்ராய் இர்வினும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கிடைத்தது ஒரு சிறு சலுகை. உப்பு விளையும் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஊருக்குள் விற்கலாம், வெளியூருக்குக் கொண்டுபோகக் கூடாது. சட்டம் அப்படியே இருந்தது. வரி ஒழிந்தது 1947-ல். அதைச் சொல்லி 1930 தோற்றுவிட்டது என்பவர்கள் வரியை மட்டும் பார்க்கிறார்கள், தார்ன் மேலிடத்துக்கு எழுதியதைப் பார்ப்பதில்லை.

ஊர் திரும்பும் முன் வேதாரண்யத்தில் வைரப்பனின் நினைவுத் தூணையும் பார்த்துவிடுங்கள். அவர் முடிதிருத்தும் தொழிலாளி. போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று இருந்தார். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஒருவருக்குப் பாதிச் சவரம் ஆனபோது அவர் போலீஸ் என்று தெரிந்ததும் கத்தியை மூடி வைத்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். வழக்கு நீதிபதி முன்னால் போனது. மீதியை முடித்துவிட்டால் விட்டுவிடலாம் என்றார் நீதிபதி. வைரப்பன் தம் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்து, வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்றாராம். 6 மாதம் போட்டார்கள்.